இசையைக் கேட்டும் இன்பம் தோன்றாதது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு விசேஷமானாலும் கோயில் திருவிழாவானாலும் சமூக மன்றத்துப் பொங்கல் நிகழ்ச்சியானாலும், பாட்டு இல்லாமல் எதையும் தொடங்காத சமூகம் சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகம். அத்தகைய கூட்டத்தில் அமர்ந்துகொண்டு, இசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தமக்கு ஒன்றுதான் என்று உள்ளூர நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ரசனை இல்லாதவர், கல்மனம் படைத்தவர் என்றெல்லாம் பேச்சு வரும் என்பதால் அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு, ஆய்வுகள் இதுவரை நிறுவியிருப்பவற்றைக் கொண்டு இங்கே விடை தரப்படுகிறது.

இசையால் எந்த இன்பமும் அடையாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, அல்லது சிலர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களா?

உண்மையிலேயே இருக்கிறார்கள். பார்சிலோனா ஆய்வாளர்கள் ஜோசப் மார்கோ-பல்யாரெஸ், எர்னஸ்ட் மாஸ்-எரேரோ ஆகியோரும் மாண்ட்ரியலைச் சேர்ந்த ராபர்ட் ஸடோர் உள்ளிட்ட அவர்களுடைய சகாக்களும் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இசையில் மிகுந்த ஈடுபாடு உடையவர்கள், நடுத்தர ஈடுபாடு உடையவர்கள், ஈடுபாடே இல்லாதவர்கள் என்று மூன்று குழுக்களாக, குழுவுக்குப் பத்துப் பேர் வீதம் 30 பேரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இசை கேட்கும்போது இவர்களுடைய இதயத் துடிப்பும் தோலின் மின்கடத்தும் திறனும் அளக்கப்பட்டன. மனம் கிளர்ச்சியடையும்போது உள்ளங்கை நம்மை அறியாமலேயே நுண்மையாக வியர்க்கும் என்பதால், தோலில் எடுக்கும் அளவை எளிதில் நடித்துக் காட்டிவிட முடியாது.

மூன்றாம் குழுவினரின் உடல் இசைக்கு ஏறத்தாழ எந்த அசைவும் காட்டவில்லை. ஆனால், வேகமாகச் செயல்பட்டால் பணம் கிடைக்கும் என்ற போட்டியில் அதே பத்துப் பேரும் மற்றவர்களைப் போலவே பரபரப்படைந்தார்கள். ஆகவே, இவர்களுக்கு இன்பத்தை உணரும் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. இசை என்ற ஒரு வாயில் வழியாக மட்டும் அது வந்து சேர்வதில்லை. இந்த நிலையை ஆய்வாளர்கள் ‘மியூசிக்கல் அன்ஹீடோனியா’ என்று குறிப்பிடுகிறார்கள். தமிழில் இசை இன்பமின்மை எனலாம்.

எத்தனை பேருக்கு இப்படி இருக்கிறது?

பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு 3 முதல் 5 விழுக்காடு வரை. எந்த அளவுகோலில் எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் கூடும், குறையும். மிகுதியும் இன்பம், சுத்தமாக இன்பமின்மை என்ற இரு முனைகளுக்கு இடையில் எல்லா அளவுகளிலும் மக்கள் பரவியிருக்கிறார்கள் என்பதே சரியான புரிதல்.

சுருதி புரியாததால்தான் இன்பம் இல்லையா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. சுருதி வேறுபாட்டையும் மெட்டையும் இனங்காண இயலாத நிலைக்கு அமூசியா என்று பெயர். அது பிறவியிலேயே அமைவதும் உண்டு, மூளையில் ஏற்படும் காயத்தால் வருவதும் உண்டு. மாண்ட்ரியலில் இசபெல் பெரெட்ஸ் இதைப் பல ஆண்டுகளாக ஆய்ந்து வருகிறார். மக்களில் 4 விழுக்காட்டினருக்குப் பிறவி அமூசியா இருப்பதாக முன்பு நம்பப்பட்டது. அவர் பங்கேற்று 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று அதை 1.5 விழுக்காடாகக் குறைத்தது.

இசை இன்பமின்மை உடையவருக்கோ சுருதி தெரியும், தாளம் தெரியும், பாடகர் எங்கே பிசகினார் என்பதும் தெரியும். இது சோகப் பாட்டு, இது கொண்டாட்டப் பாட்டு என்று பிரித்துச் சொல்லவும் முடியும். சோகத்தை அறிவார், ஆனால் அது அவரைத் தொடாது. இதற்கு நேர்மாறாக, மெட்டைப் பிடிக்கவே முடியாத அமூசியாக்காரர்களில் சிலர் இசையை விரும்பிக் கேட்கிறார்கள். அபஸ்வரமாகப் பாடிக்கொண்டே ஆனந்தமாக இருக்கும் ஒரு மாமா பல குடும்பங்களில் இருப்பார். அவருக்கு இருப்பது வேறு, இங்கே பேசப்படுவது வேறு.

அப்படியானால் மூளையில் என்னதான் நடக்கிறது?

முதலில், இசை பிடித்தவர்களின் மூளையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். உணவு, பணம், பிறரின் பாராட்டு போன்றவை கிடைக்கும்போது மூளையின் ஆழத்தில் உள்ள வெகுமதி அமைப்பு இயங்குகிறது. அதன் முக்கியப் பகுதிக்கு நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்று பெயர். உயிர் வாழ்வதற்கு எந்த விதத்திலும் தேவைப்படாத இசையும் இதே அமைப்பைத்தான் இயக்குகிறது என்பதே வியப்பு. 2011ஆம் ஆண்டு மாண்ட்ரியலில் வலோரி சாலிம்பூரும் ஸடோரும் செய்த ஆய்வில், தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டு மெய்சிலிர்ப்பவர்களின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பது படம்பிடிக்கப்பட்டது. உச்சக்கட்டம் வரப்போகிறது என்று மனம் எதிர்பார்க்கும் கணங்களில் ஒரு பகுதியிலும், அந்த உச்சம் வந்து சேரும்போது அக்கம்பென்ஸிலும் டோபமின் சுரந்தது. ஆலாபனையில் அடுத்த ஸ்வரம் எங்கே போகும் என்று காத்திருக்கும் தவிப்பும், அது வந்து அமரும்போது கிடைக்கும் நிறைவும் தனித்தனியே மூளையில் பதிவாகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

டோபமின் உடன் நிகழ்வது மட்டுமா, அல்லது இன்பத்துக்கு அதுவே காரணமா என்ற ஐயம் எழுவது நியாயம். லாரா ஃபெரேரி தலைமையில் 2019இல் வெளியான ஆய்வு அதற்கு விடை தேடியது. 27 பேருக்கு வெவ்வேறு நாள்களில் டோபமினைக் கூட்டும் மருந்தும், அதன் செயலைத் தடுக்கும் மருந்தும், எந்த விளைவும் அற்ற வெற்று மாத்திரையும் தரப்பட்டன. முதல் மருந்தின்போது இசை கூடுதலாக இனித்தது, இரண்டாவதன்போது குறைவாக இனித்தது. எனவே, காரணம் என்றே சொல்லலாம்.

இனி, இன்பம் காணாதவர்களுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு நோவேலியா மார்டினெஸ்-மொலினாவும் சகாக்களும் 45 பேரைச் செயல்பாட்டு எம்ஆர்ஐ கருவியில் வைத்து ஆராய்ந்தார்கள். இசை இன்பமின்மை உடைய குழுவினரிடம், சூதாட்டம் போன்ற ஒரு விளையாட்டில் பணம் வெல்லும்போது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் வழக்கம்போல இயங்கியது. இசையின்போது அதன் இயக்கம் குறைந்திருந்தது. அத்துடன், ஒலியைப் பகுத்தறியும் வலப்புறச் செவிப்புலப் புறணிக்கும் இந்த வெகுமதி அமைப்புக்கும் இடையே நடக்க வேண்டிய தகவல் பரிமாற்றம் இசையின்போது அவர்களிடம் குறைவாக இருந்தது. இசையில் மிகுந்த ஈடுபாடு உடையவர்களிடம் அதே பரிமாற்றம் மிகுந்திருந்தது. எம்ஆர்டி தடத்தில் இரண்டு நிலையங்களும் விளக்கெரிந்து முழுமையாக இயங்கிக்கொண்டிருக்க, இடையே ரயில் மட்டும் அரிதாக வருவதைப் போன்றது இது. பழுது இரு முனைகளிலும் இல்லை.

அதன் பிறகு நரம்பிழைகளையே அளந்து பார்த்த ஆய்வுகளும், இந்தப் பகுதிகளை இணைக்கும் இழைகளின் அமைப்பு ஒருவர் இசையில் காணும் இன்பத்தின் அளவோடு தொடர்புடையது என்று காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் சைக்கி லூயி இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி செய்தவர். பிறந்தது முதலே இந்த இணைப்பு அப்படி அமைந்ததா, இசையோடு பழகாததால் அப்படி ஆனதா என்பதை மூளைப் படம் மட்டும் சொல்லிவிடாது. அடுத்த கேள்வி அதைத் தொடுகிறது.

இது பரம்பரையாக வருவதா?

ஓரளவுக்கு. சுவீடனைச் சேர்ந்த 9,000க்கும் மேற்பட்ட இரட்டையர்களின் விடைகளைக் கொண்டு ஜாக்கோமோ பிக்னார்டி தலைமையிலான குழு 2025இல் வெளியிட்ட ஆய்வு, இசையில் காணும் இன்பம் மனிதருக்கு மனிதர் வேறுபடுவதில் 54 விழுக்காட்டை மரபணு வேறுபாடுகளோடு தொடர்புபடுத்தியது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் மற்ற இரட்டையர்களைவிட எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை வைத்தே இந்தக் கணக்குப் போடப்படுகிறது.

இந்த எண்ணைத் தவறாகப் படிப்பது எளிது. ஒருவருடைய இசை நாட்டத்தில் பாதி அப்பா அம்மாவிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒரு மக்கள்தொகைக்குள் காணப்படும் வேறுபாடுகளைப் பற்றிய கணக்கு இது. அந்த ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது: இசை இன்பத்துக்குப் பின்னுள்ள மரபணுத் தாக்கங்கள், இசையைப் பகுத்தறியும் திறனுக்கும் பொதுவான வெகுமதி உணர்வுக்கும் பின்னுள்ளவற்றிலிருந்து ஓரளவு வேறானவை. மூளைப் படங்கள் சொன்ன அதே செய்தி வேறொரு வழியில் வந்து சேர்கிறது.

நல்ல இசையைக் கேட்காததால்தான் இப்படி என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

சரியன்று. கர்நாடக இசை கேள், பழைய படப்பாட்டு கேள், நல்ல ஸ்பீக்கர் வாங்கு என்ற அறிவுரைகள் அன்பினால் வருபவையே. எனினும், ஓர் இசை வகை பிடிக்காதவருக்கு இன்னொரு வகை பிடித்திருக்கும். இங்கே பேசப்படுபவருக்கோ எந்த வகையும் எதையும் செய்வதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒலி 96.8 ஒலித்துக்கொண்டிருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு இசையோடு பழக்கம் போதவில்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

எனக்குப் பாட்டின் மெட்டு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் வரிகள் பிடிக்கும், சில சமயம் கால் தாளம் போடும். நான் எந்த வகையில் சேர்வேன்?

தமிழ் கேட்டு வளர்ந்தவர்களிடம் எழக்கூடிய நுட்பமான கேள்வி இது. நம் பாட்டில் கவிதையும் மெட்டும் பிரிக்க முடியாதபடி கலந்து வருவதால், எதை ரசிக்கிறோம் என்பது நமக்கே தெரியாமல் போகிறது. ஓதுவார் பாடும் பதிகத்தில் கண் கலங்கும் ஒருவர், அதே பதிகத்தைத் தாளில் தனியாகப் படித்தாலும் கலங்குகிறார் என்றால், அவரைத் தொட்டது பெரும்பாலும் தமிழும் பக்தியுமே. தாத்தாவின் வானொலியில் கேட்ட பாட்டு இன்று காதில் விழும்போது தொண்டை அடைப்பதும் அப்படித்தான்; தாத்தாவின் நினைவு அங்கே முன்னே நிற்கிறது. இவற்றைக் குறைவாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். இவை இசையோடு ஒட்டி வரும் இன்பங்கள், ஒலியிலிருந்தே பிறக்கும் இன்பம் அன்று என்பதே வேறுபாடு.

பார்சிலோனா குழு 2013இல் உருவாக்கிய 20 கேள்விகள் கொண்ட வினாத்தாள் இந்தப் பிரிவினைக்கு உதவுகிறது. இசை தரும் இன்பத்தை அது ஐந்து முகங்களாகப் பார்க்கிறது: உணர்ச்சியைத் தூண்டுவது, மனநிலையைச் சீர்படுத்த உதவுவது, உடலை அசையத் தூண்டுவது, புதிய இசையைத் தேடவைப்பது, பிறரோடு ஒட்டவைப்பது. ஒருவருக்கு உணர்ச்சிப் பகுதியில் மிகக் குறைந்த மதிப்பெண்ணும், உடலசைவுப் பகுதியில் சராசரி மதிப்பெண்ணும் வரலாம். கால் தாளம் போடுகிறது என்ற உங்கள் குறிப்பு அத்தகைய கலவையைக் காட்டுகிறது. இணையத்தில் இந்த வினாத்தாளை நிரப்பிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதன் மதிப்பெண் மருத்துவக் கண்டறிதல் ஆகாது. இசை இன்பமின்மை எந்த நோய்ப் பட்டியலிலும் தனி நோயாக இடம்பெற்றதும் இல்லை.

உறுமி மேளம் தொடங்கினாலே எழுந்து போய்விடத் தோன்றுகிறது. இதுவும் அதுதானா?

பெரும்பாலும் இல்லை. இசை இன்பமின்மை உடையவருக்கு இசை வெறுமையாக இருக்கும், வேதனையாக இருக்காது. சாதாரண ஒலியே தாங்க முடியாத அளவுக்கு உரக்கக் கேட்பது, மெல்லும் ஓசை போன்ற குறிப்பிட்ட ஒலிகளால் கடுஞ்சினம் எழுவது ஆகியவை தனி நிலைகள். அவற்றுக்குச் செவிப்புல மருத்துவரை அணுகலாம். மண்டபத்தில் ஸ்பீக்கரை அளவுக்கு மீறித் திருப்பிவைத்தால் வெளியே போகத் தோன்றுவது எந்த நிலையும் அன்று, காது சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இது மனச்சோர்வின் அறிகுறியா?

தனியாக, அதுவும் சிறு வயது முதலே இருந்தால், இல்லை. இசை இன்பமின்மை ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் மற்றவற்றில் இயல்பாக மகிழ்பவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மனச்சோர்விலோ, இசையோடு சேர்ந்து சாப்பாடு, நண்பர்கள், பேரப்பிள்ளைகள், பொழுதுபோக்கு என்று எல்லாமே சுவையற்றுப் போகின்றன. முன்பு விரும்பிக் கேட்டவர் கேட்பதை நிறுத்திவிட்டார், கூடவே தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அதைப் பொருட்படுத்த வேண்டும். மனச்சோர்வுக்காகத் தரப்படும் சில மருந்துகளும் உணர்ச்சிகளை ஓரளவு மழுங்கச் செய்யக்கூடும். அப்படித் தோன்றினால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

இத்தனை ஆண்டுகள் பிடித்திருந்தது, இப்போது பிடிக்கவில்லை. ஏன்?

வயதானவர்களிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது காது. வயதோடு உச்ச அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்குகின்றன, வயலினும் பெண் குரலும் தம் மெருகை இழக்கின்றன. காதுகேள் கருவிகள் பேச்சை முன்னிறுத்தி அமைக்கப்படுவதால் இசையைச் சிதைத்துத் தரக்கூடும். உட்செவியில் பொருத்தப்படும் காக்ளியர் கருவி சுருதியைச் செம்மையாகக் கடத்துவதில்லை என்பதால், அதைப் பொருத்திக்கொண்ட பலருக்கு இசை முன்போல் இனிப்பதில்லை.

அரிதாக, பக்கவாதத்துக்குப் பின் இசையின்பம் மட்டும் மறைந்துபோவதும் உண்டு. 2004இல் திமொத்தி கிரிஃபித்ஸும் சகாக்களும் பதிவுசெய்த ஒருவர், வேலை முடிந்ததும் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபின் பியானோ இசையைக் கேட்டு உருகும் வழக்கம் உடைய 52 வயது வானொலி அறிவிப்பாளர். மூளையின் இடப்புறத்தில் இன்சுலா, அமிக்டலா ஆகிய பகுதிகளில் ஏற்பட்ட பாதிப்புக்குப் பிறகு அந்த உருக்கம் அவரிடம் இல்லாமல் போயிற்று. சோதனைகளில் அவர் இசையைச் சரியாகவே பகுத்தறிந்தார். நலமாக இருந்தவர்களிடம் பிற்காலத்தில் செய்யப்பட்ட மூளை ஆய்வுகளுக்கு முன்பே, அறிதலும் உருகுதலும் வெவ்வேறு என்று இத்தகைய நோயாளிகள் காட்டிவிட்டார்கள்.

பெயர் பெற்றவர்களில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

மனப் பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் ஃபிராய்ட், மைக்கலாஞ்சலோவின் மோசே சிலையைப் பற்றி 1914இல் எழுதிய கட்டுரையில், சிலைகளும் இலக்கியமும் தம்மை ஆட்கொள்வதையும், இசையால் ஏறக்குறைய எந்த இன்பமும் பெற இயலாததையும் ஒப்புக்கொண்டார். ஏன் உருகுகிறோம் என்று தெரியாமல் உருக அறிவு மறுக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. இன்பம் வந்தவருக்கு அறிவு தடை போடுவதில்லை.

சார்ல்ஸ் டார்வினை இதே பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. இளமையில் இசையை ரசித்த டார்வின், முதுமையில் கவிதை, ஓவியம், இசை மூன்றிலும் சுவை குன்றியதாக எழுதி வருந்தினார்.

பிள்ளை பாட்டு வகுப்புக்குப் போக மறுக்கிறாள். அவளுக்கும் இப்படி இருக்குமா?

வகுப்பை வெறுப்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்யக்கூடாது. துணைப்பாட வகுப்பு, தமிழ் வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை எல்லாம் முடிந்து சனிக்கிழமை காலையில் ஸ்வர வரிசை பாடச் சொன்னால் இசைப் பிரியரான பிள்ளையும் முரண்டு பிடிக்கும். பள்ளிப் பேருந்தில் தோழிகளோடு பாடுகிறாளா, தானாக ஏதேனும் பாட்டைப் போட்டுக் கேட்கிறாளா என்று கவனியுங்கள். மேலே சொன்ன வினாத்தாள் பெரியவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது என்பதால் அதைப் பிள்ளையிடம் நீட்ட வேண்டாம்.

ஒருவேளை அவளுக்கு இசையில் இன்பமே இல்லை என்று காலப்போக்கில் தெரிந்தாலும், அவளால் இசை கற்க இயலாது என்று ஆகாது. காது நன்றாக இருப்பதால் கற்றுத் தேர்வும் எழுதிவிடுவாள். கேள்வி, எதற்காகக் கற்க வேண்டும் என்பதுதான். பண்பாட்டைப் பிள்ளைக்குக் கைமாற்ற இசைதான் வழி என்ற எண்ணம் இங்குள்ள பெற்றோரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நாடகம், மேடைப் பேச்சு, ஓவியம், சமையல் என்று வேறு வாயில்களும் உண்டு. நியாயமான காலம் முயன்ற பிறகும் முகம் மலரவில்லை என்றால் வகுப்பை நிறுத்திவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இதை மாற்ற முடியுமா?

நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லை. 2018இல் மாஸ்-எரேரோவும் சகாக்களும், தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தி, வெகுமதி அமைப்போடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியைத் தூண்டியபோது இசையின்பம் கூடியதையும், அடக்கியபோது குறைந்ததையும் கண்டார்கள். அது இயல்பான இசை ரசிகர்களிடம் சிறிது நேரம் நிகழ்ந்த மாற்றம். இதைக் காட்டி யாரேனும் சிகிச்சை விற்க வந்தால் வாங்க வேண்டாம். தொல்லை தராத ஒன்றை மாற்ற வேண்டுமா என்பதும் தனிக் கேள்வி.

வீட்டாரிடமும் நண்பர்களிடமும் எப்படிச் சொல்வது?

சுருக்கமாகவும் நேரடியாகவும் சொல்வது போதும்: “எனக்குப் பாட்டு கேட்பதில் ஒன்றும் தோன்றுவதில்லை, உங்களோடு இருப்பது பிடிக்கும்.” தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வருபவரை, அவர் மேளத்துக்குத் தலையாட்டினாரா என்று யாரும் கேட்பதில்லை. கூட்டத்தில் ஒருவராக இருப்பதற்கு இசையின்பம் நுழைவுச்சீட்டு அன்று.

எப்போது, யாரைப் பார்க்க வேண்டும்?

சிறு வயது முதல் இப்படியே இருந்து, வாழ்க்கையின் மற்ற இன்பங்கள் குறையாமல் இருந்தால் யாரையும் பார்க்கத் தேவையில்லை. சில மாதங்களில் மெல்ல மாறியது என்றால் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். செவிப்புலச் சோதனைக்கு அவர்களே பரிந்துரை எழுதித் தருவார்கள். மற்ற நாட்டங்களும் சேர்ந்து போய்விட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறுவது, கை கால் வலுவிழப்பது ஆகியவற்றில் ஏதேனும் திடீரென்று தோன்றினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் 995க்கு அழைக்க வேண்டும்.